மெயின் பெட்டியைத் திறக்க வந்தவர்

தோ பாயோ, சிங்கப்பூர்
4 ஆகஸ்ட் 1985

ஆனி அப்பாவுக்கு,

நானும் ஆனியும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் அந்த பஹ்ரைன் வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வேலை பாருங்கள். இதற்கு மேல் நலம் விசாரித்தால் ஏரோகிராம் தாளில் மற்றதற்கு இடம் இருக்காது.

போன மாதம் மூன்றாம் மாடி லீலா அக்கா வீட்டு அடுப்படி எரிந்துவிட்டது. ஒரே பிளக்கில் ஐஸ்பெட்டி, ரைஸ் குக்கர், இஸ்திரிப்பெட்டி மூன்றையும் மாட்டியிருந்தாராம். நல்ல காலம், ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அந்த ஞாயிறே சாமியார் பூசையில் சொன்னார், கோயில் சங்கத்தில் லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவர் இருக்கிறார், கேட்கிறவர்கள் வீட்டுக்கு வந்து காசு வாங்காமல் பார்த்துத் தருவார் என்று. நான் பெயர் கொடுத்தேன். நேற்று மத்தியானம் வந்து நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? உங்களோடு கப்பல் பட்டறையில் வேலை பார்த்த எட்மண்ட் அண்ணன்!

இரண்டு மணி நேரம் வீடு முழுக்கப் பார்த்தார். காஸ் ட்யூபில் விரிசல் இருந்தது, கையோடு மாற்றிவிட்டார். ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தார், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. “ரப்பர் போச்சு லா. உங்க ஐஸ்பெட்டி வெளிக்காத்தையும் சேர்த்துக் குளிர வைக்குது, பில்லு ஏறாம என்ன செய்யும்?” என்றார். ஹாலில் குண்டு பல்புக்குப் பதிலாக ட்யூப் போடச் சொன்னார். சன்னல் கம்பியில் இரண்டு ஆணி லூசாம், பத்தாம் மாடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படி விடலாமா என்று கேட்டார்.

பெரிய விஷயம் குளியலறை ஹீட்டர். அதற்கு எர்த் இருக்கிற மாதிரித் தெரியவில்லையாம். மெயின் பெட்டியைத் திறந்து பார்த்து, டிரிப் சுவிட்ச் என்று ஒன்று மாட்ட வேண்டும் என்கிறார். கரண்ட் எங்கேயாவது கசிந்தால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வீடு முழுவதும் நிறுத்திவிடுமாம். புது வீடுகளில் எல்லாம் இப்போது அது இருக்கிறது.

ஆனால் பெட்டியில் அவர் கை வைக்கவில்லை. “இது அற்புதராஜ் போட்ட வேலை. ஒரு வயர்மேன் போட்ட பெட்டிய இன்னொரு வயர்மேன் சொல்லாம திறக்கிறது முறை இல்ல. நீங்க எழுதிக் கேளுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் கேட்கிறேன். சரி என்று ஒரு வரி எழுதுங்கள்.

பிரிஜட்

* * *

பஹ்ரைன்
14 ஆகஸ்ட் 1985

பிரிஜட்,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அடுப்படி எரிந்ததைப் பற்றி நாலு வரி. உன் புருஷன் உடம்பைப் பற்றி ஒரு வரி. மீதி எல்லாம் எட்மண்ட் சொன்னார், எட்மண்ட் பார்த்தார். என் பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, அதுவும் அவன் வாயால்.

அண்ணனாம் அண்ணன்! முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகாதவன். மூன்று அறை வீட்டைப் பார்க்க எதற்கு இரண்டு மணி நேரம்? நான் என்றால் அரை மணியில் முடித்திருப்பேன். சனிக்கிழமை மத்தியானம் ஆனிக்கு ஞானோபதேச வகுப்பு இருக்கும். அப்படியானால் வீட்டில் யார் இருந்தார்கள்? காப்பி கொடுத்தாயா? எந்தக் கிளாசில் கொடுத்தாய்? அவன் எங்கே உட்கார்ந்தான்? என் நாற்காலியிலா?

ஒரு வயர்மேன் வீட்டுக்கு இன்னொரு வயர்மேனைக் கூட்டி வந்து குறை பார்க்கச் சொல்லியிருக்கிறாயே, இது எனக்கு எப்படி இருக்கும் என்று கொஞ்சமாவது யோசித்தாயா? கோயிலில் நாளைக்கு என்ன பேசுவார்கள்? இங்கே ரூமில் கோவிந்தசாமியிடம் சொன்னேன். அவன் சிரித்துத் தொலைக்கிறான்.

அந்த வீட்டில் ஓடுகிற ஒவ்வொரு வயரும் என் கையால் இழுத்தது. ஐஸ்பெட்டி ரப்பரை வேண்டுமானால் தேக்கா கடைத்தெருவில் வாங்கி மாட்டிக்கொள். மெயின் பெட்டியை எவனும் திறக்கக் கூடாது. டிசம்பரில் கான்ட்ராக்ட் முடிந்து நான் வருவேன், நானே பார்ப்பேன்.

அற்புதராஜ்

* * *

தோ பாயோ
24 ஆகஸ்ட் 1985

ஆனி அப்பாவுக்கு,

வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள், வரிசையாகவே பதில் சொல்கிறேன். காப்பி கொடுத்தேன், பால் இல்லாத காப்பி. எவர்சில்வர் கிளாசில். பிஸ்கட் கொடுக்கவில்லை. அவர் உட்காரவே இல்லை, உட்கார்ந்தது ஏணி மேல்தான். ஆனிக்கு அன்றைக்குக் காய்ச்சல், வகுப்புக்குப் போகவில்லை. அவள்தான் டார்ச் பிடித்தாள். போதுமா? இல்லை, ஏணியில் எந்தப் படி என்றும் எழுதட்டுமா?

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். புதன்கிழமை பள்ளிக்கூடம் போவதற்கு முன் ஆனி குளிக்கப் போனாள். போன வேகத்தில் கத்தினாள். “அம்மா, பைப்பு கடிக்குதும்மா!” என்று. ஓடிப் போய்ப் பார்த்தால் கையை உதறிக்கொண்டு நிற்கிறாள், உதடு வெளுத்துப்போய். நான் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். சுரீர் என்றது. ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு அவளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இனி ஹீட்டரே வேண்டாம் என்று அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டுகிறேன். ஆனால் ஆனிக்கு எட்டு வயது. நான் தேக்காவுக்குப் போயிருக்கும் நேரத்தில் அவளே சுவிட்சைப் போட்டுவிட்டால்? ஐஸ்பெட்டி, விசிறி எல்லாவற்றுக்கும் அதே பெட்டிதானே?

அன்றைக்கே எட்மண்ட் அண்ணனைக் கூப்பிட்டிருப்பேன். கூப்பிடவில்லை. நீங்கள் வேண்டாம் என்றீர்கள், உங்கள் வார்த்தை இல்லாமல் திறக்க மாட்டேன் என்று அவரும் சொல்லியிருக்கிறார். இரண்டு ஆம்பிளைகளின் மரியாதைக்கு நடுவில் என் பிள்ளை நிற்கிறாள். சரி என்று எழுதுங்கள். தயவுசெய்து.

பிரிஜட்

* * *

பஹ்ரைன்
3 செப்டம்பர் 1985

பிரிஜட்,

ஆனியைப் பற்றிப் படித்ததும் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. குழந்தையை ஹீட்டர் பக்கம் விடாதே. அவசரத்துக்குக் குளிக்கத்தான் வேண்டும் என்றால் ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டு குளிக்கச் சொல். ரப்பரில் கரண்ட் ஏறாது. நீயும் அப்படியே செய். மழை பெய்தால் ஈரச் சுவர் கொஞ்சம் கரண்ட் இழுக்கத்தான் செய்யும். டிசம்பர் வரை சமாளித்துக்கொள்.

எட்மண்டை மட்டும் கூப்பிடாதே. ஏன் என்று கேட்பாய். எண்பத்திரண்டில் லைசென்ஸ் பரீட்சைக்கு நானும் அவனும் ஒரே பஸ்ஸில் போனோம். அந்த வருஷம் பரீட்சையே நடக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? நடந்தது. அவனுக்கு இங்கிலீஷ் வரும், எழுதினான், பாஸானான். எனக்குக் கை வேலை வரும், காகிதத்தில் எழுத வரவில்லை. பட்டறையில் அவன் இழுத்த வயரை நான் எத்தனை தரம் சரி செய்திருப்பேன் தெரியுமா? இப்போது அவன் சட்டைப் பையில் லைசென்ஸோடு என் வீட்டுக்குள் வந்து என் வேலைக்கு மார்க் போடுவானாம். அதை நீ பக்கத்தில் நின்று பார்ப்பாயாம். என்னால் முடியவில்லை பிரிஜட். அவ்வளவுதான்.

என் வேலை தெரிந்தவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். கேம்ப் கிளினிக்கில் சாயிரா பானு என்று ஒரு நர்ஸ். அவர் குவார்ட்டர்ஸில் நீ சொல்கிற அதே டிரிப் சுவிட்ச், எர்த் எல்லாம் போன வெள்ளிக்கிழமை ஒரே நாளில் போட்டுக் கொடுத்தேன். “உங்க கை மாதிரி சுத்தமான கை பார்த்ததில்ல” என்றார். பிரியாணி வேறு செய்து கொடுத்தார். சும்மா சொல்கிறேன்.

அற்புதராஜ்

* * *

தோ பாயோ
13 செப்டம்பர் 1985

அற்புதராஜ் அவர்களுக்கு,

ஆமாம், பேர் சொல்லித்தான் எழுதுகிறேன். இன்றைக்கு அப்படித்தான் வருகிறது.

சிலிப்பரா? என் பிள்ளை சிலிப்பர் போட்டுக்கொண்டு குளிக்க வேண்டுமா? காலில் ரப்பர் போட்டுவிட்டுக் கை சுவரைத் தொட்டால் என்ன ஆகும்? எனக்கே தெரிகிறது, வயர்மேனுக்குத் தெரியாதா? அந்த நர்ஸம்மா வீட்டுக்கு எர்த் உண்டு, டிரிப் சுவிட்ச் உண்டு, அதுவும் ஒரே நாளில். எனக்கும் ஆனிக்கும் இரண்டு ஜோடி சிலிப்பர். என்ன நியாயம் இது?

வயிறு எரிகிறது எனக்கு. பிரியாணிக்காக இல்லை, தின்றுவிட்டுப் போங்கள். அவள் குழாயைத் திறந்து நிம்மதியாகக் குளிக்கிறாள் பாருங்கள், அதற்கு எரிகிறது. உங்கள் சுத்தமான கை அவள் சுவரில் இருக்கிறது. என் சுவரில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அவளுக்கு எவ்வளவு வயது? கல்யாணம் ஆனவளா? பாருங்கள், நானும் கேட்கிறேன். கேட்டால் எப்படி இருக்கிறது?

பரீட்சையில் பெயிலானால் பெயிலாகிவிட்டுப் போங்கள். அதற்கு எனக்குக் கோபம் இல்லை. மூன்று வருஷம் என்னிடம் மறைத்ததற்குக் கோபம் உண்டு. அதை நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

எட்மண்ட் அண்ணனை 28-ஆம் தேதி சனிக்கிழமை காலையில் வரச் சொல்லிவிட்டேன். உங்கள் சம்மதம் வந்துவிட்டது என்று அவரிடம் பொய் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். பெட்டியைத் திறக்கத்தான் போகிறார், நானும் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் போகிறேன்.

பிரிஜட்

* * *

பஹ்ரைன்
23 செப்டம்பர் 1985

பிரிஜட்டுக்கு,

இன்று உன் கடிதம் வந்தது. சனிக்கிழமைக்குள் இது உன் கைக்கு வராது. தெரிந்தும் எழுதுகிறேன். அவன் வாயால் நீ கேட்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன் என்றாவது இருக்கட்டும்.

கோயிலில் ஆனிக்குப் புதுநன்மை கொடுத்த அன்று நம் வீட்டில் வைத்த விருந்து ஞாபகம் இருக்கிறதா? வீடு நிறைய உன் ஆட்கள். அன்று காலையில்தான் ஹீட்டரை மாட்டினேன். எர்த் வயர் ஒரு முழம் குறைந்துவிட்டது. கடை திறக்க நேரமாகும், உன் அம்மா வெந்நீர் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படியே வெட்டி டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டேன், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று. ஹீட்டரும் ரைஸ் குக்கரும் சேர்ந்து ஓடியதும் ஃபியூஸ் போனது. மாற்றினேன், மறுபடியும் போனது. உன் அண்ணன் ஆம்ப்ரோஸ் எல்லார் முன்னாலும், “என்ன மச்சான், வயர்மேன் வீட்டுலயே இருட்டா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

உள்ளே போனேன். ஃபியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி மாட்டினேன். அதற்கு அப்புறம் நம் வீட்டில் ஒரு தடவைகூட ஃபியூஸ் போகவில்லை, கவனித்திருப்பாய். போகாது. கரண்ட் கூடினால் ஃபியூஸ் கம்பி உருகி அறுந்து நிறுத்த வேண்டும், அந்தக் கம்பி உருகாது. வீடு எரிந்தாலும் உருகாது. லீலா அக்கா வீட்டில் நடந்ததைவிட மோசமாக நடக்கலாம்.

அடுத்த நாளே மாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அடுத்த வாரம். அப்புறம் பட்டறையில் வேலை போய், இங்கே வந்துவிட்டேன். அந்த நர்ஸ் வீட்டில் எர்த் போட்டபோது நினைத்தது உங்களைத்தான். அவருக்கு ஐம்பது வயது, பேரப்பிள்ளை இருக்கிறது. உனக்கு எரிச்சல் வரட்டும் என்று வேண்டுமென்றே எழுதினேன்.

எட்மண்ட் அந்தக் கம்பியைப் பார்த்து, அப்புறம் உன்னைத் திரும்பிப் பார்ப்பான். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்துதான் இத்தனை நாள் வேண்டாம் வேண்டாம் என்றேன். என் பிள்ளை உயிரைவிட அது எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

அற்புதராஜ்

* * *

தோ பாயோ
5 அக்டோபர் 1985

ஆனி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பதில் எழுத இரண்டு நாள் ஆனது.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எட்மண்ட் அண்ணன் பெட்டியைத் திறந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஃபியூஸ் கட்டையை உருவி எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “என்ன அண்ணே?” என்றேன். “இது வீடு கட்டுன காலத்து ஆள் யாரோ செஞ்ச வேலை. அற்புதராஜ் வயர்தான் இழுத்தாரு, இந்தக் கட்டையில கையே வெச்சிருக்க மாட்டாரு. பாவம், அவருக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பாரா?” என்றார். அந்தக் கம்பியை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தபோதும் அதே பேச்சு. “கம்பெனிக்காரன் வெச்ச வயரே குட்டை லா, அற்புதராஜ் என்ன செய்வாரு?” எர்த்தும் டிரிப் சுவிட்சும் மாட்டி, அது விழுந்தால் எப்படித் தூக்கிவிடுவது என்றும் சொல்லிக் கொடுத்தார்.

அவர் சொன்னதை நம்பத்தான் ஆசையாக இருந்தது, நம்பினேன். உங்களை எவ்வளவு பேசிவிட்டேன் என்று அவர் போனபின் உட்கார்ந்து அழுதேன். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு மன்னிப்புக் கேட்டு இரண்டு பக்கம் எழுதினேன். ஸ்டாம்ப் வாங்கிய அன்றைக்குத்தான் உங்கள் கடிதம் வந்தது. அந்த இரண்டு பக்கத்தையும் அனுப்பப் போவதில்லை.

நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் எனக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கோபம் ஆறவில்லை. அன்றைக்கு நானும் சிரித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். சிரித்தது உண்மைதான். சிரித்திருக்கக் கூடாது.

பிரிஜட்

* * *

பஹ்ரைன்
15 அக்டோபர் 1985

பிரிஜட்டுக்கு,

அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டிக்கொண்டே இருந்திருப்பேன். இப்போது திட்டவும் வழியில்லை. எனக்காக ஒருத்தன் என் பெண்டாட்டியிடம் பொய் சொல்லியிருக்கிறான். அவன் லைசென்ஸ் வாங்கினபோது எரிந்ததைவிட இப்போது நூறு மடங்கு எரிகிறது.

எட்மண்டுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘அன்புள்ள எட்மண்ட்’ என்று எழுதி அதற்கு மேல் ஓடவில்லை. மூன்று தாள் கிழித்தேன். ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். காசும் வாங்காமல், இரண்டு சனிக்கிழமை வந்து, பொய்யும் சொல்லி, இதையெல்லாம் அவன் யாருக்காகச் செய்தான்? எனக்காகவா, உனக்காகவா? நீ பக்கத்தில் இருந்து பார்த்தவள். உண்மையைச் சொல்.

அற்புதராஜ்

* * *

தோ பாயோ
26 அக்டோபர் 1985

ஆனி அப்பாவுக்கு,

நீங்கள் திருந்த மாட்டீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை நடந்தது என்னை எழுத வைக்கிறது.

ஆனி தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கையோடு ஹாலுக்கு வந்தாள். முடி காய வேண்டும் என்று மேசை விசிறியைத் தன் பக்கம் இழுத்தாள். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். டப் என்று ஒரு சத்தம். விசிறி, ஐஸ்பெட்டி, ரேடியோ எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கெட்டுவிட்டதா என்று. ஹாலுக்கு வந்து பார்த்தால் ஆனி விசிறியின் இரும்புக் காலில் கை வைத்தபடி நிற்கிறாள். “அம்மா, கரண்ட் போயிருச்சு” என்றாள். அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. விசிறியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் வயரின் தோல் தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அவர் சொல்லிக் கொடுத்த மாதிரி டிரிப் சுவிட்சை நானே தூக்கிவிட்டேன். ஐஸ்பெட்டி ஓடத் தொடங்கியது. அப்புறம் ஆனியை மடியில் போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. “விடுங்கம்மா, பசிக்குது” என்று அவள்தான் எழுந்து போனாள். அந்தப் பழைய கம்பியோடு இது நடந்திருந்தால் நான் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். தந்திதான் வந்திருக்கும்.

யாருக்காகச் செய்தார் என்று கேட்டீர்கள். அந்தப் பிள்ளைக்காகத்தான் செய்தார். நமக்குள்ளே இருக்கிற சண்டை, மானம், வயிற்றெரிச்சல் எதுவும் அவருக்குக் கணக்கில்லை.

டிசம்பரில் வருகிறீர்கள். பெட்டியைக் கீழே வைத்த கையோடு மெயின் பெட்டியைத்தான் திறப்பீர்கள், எனக்குத் தெரியும். திறந்து பாருங்கள். ஒவ்வொரு வயரும் எவ்வளவு நேர்த்தியாக ஓடுகிறது என்று பார்த்து நன்றாக வயிறெரியுங்கள். நாள் முழுக்க அங்கேயே நின்று எரியுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கையை மட்டும் வைக்காதீர்கள்.

பிரிஜட்